கல்லில் விரித்த பாய்

கிடையாக ஒரு நீண்ட பட்டை. அதன் நடுவே மேல்நோக்கி ஒரு சிறு மேடு. எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சித்திர எழுத்துகளில் இது ஒன்று. பட்டை என்பது கோரைப்பாய். மேடு என்பது அதன்மேல் வைத்த ரொட்டி. இதை ‘ஹோதெப்’ என்று படிக்கிறார்கள். படையல் என்று பொருள். மனம் நிறைதல், அமைதி, ஓய்வு என்றும் பொருள். மாலையில் சூரியன் அடைவதையும் இதே சொல்லால்தான் சொன்னார்கள். அமென்ஹோதெப் என்ற மன்னரின் பெயரிலும், படிப்பிரமிடு கட்டிய இம்ஹோதெப்பின் பெயரிலும் இருப்பது இந்தப் பாயும் ரொட்டியும்தான்.

இந்த எழுத்தின் வடிவிலேயே ஒரு கல்லை வெட்டித் தரையில் கிடத்தினால் அதுதான் படையல் கல். பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், வசதி இருந்தவர்களுக்கு அலபாஸ்டர், கருங்கல். மேற்பரப்பில் ரொட்டிகள், கால்களைக் கட்டிய வாத்து, மாட்டின் முன்தொடை, விலா எலும்பு, வெங்காயத்தாள், அத்திப்பழம், உயரமான தண்ணீர்க் கூசாக்கள் எல்லாம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஓரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடும். ஒன்றோ இரண்டோ சிறு தொட்டிகள் இருக்கும். ரொட்டியின் மேடு நீட்டிக்கொண்டிருக்கும் இடம் தண்ணீர் வெளியேறும் மூக்காகிவிடும். பல அருங்காட்சியகங்களில் இவற்றை ஓவியம்போல் சுவரில் நிமிர்த்தி மாட்டியிருக்கிறார்கள். செதுக்கல் தெளிவாகத் தெரியும் என்பதற்காகச் செய்திருப்பார்கள். ஆனால் அப்படி நிமிர்த்தியதும் இந்தக் கல்லின் வேலையே நம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. இது படுத்திருக்க வேண்டிய கல். இதன்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். கல் ரொட்டியும் கல் வாத்தும் நனைந்து, வாய்க்கால் நிரம்பி, மூக்கு வழியாக நீர் மண்ணில் இறங்க வேண்டும்.

தின்னக்கூடிய ரொட்டி இருக்கும்போது கல்லில் எதற்கு ரொட்டி? இந்தக் கற்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் போதும் என்று நினைக்கிறேன். இறந்தவருக்குச் சோறு போடும் வழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. போட ஆள் இல்லாமல் போகும் நாளை முன்கூட்டியே எண்ணி, அதற்கு அடுக்கடுக்காக ஏற்பாடு செய்துவைத்தவர்கள் என்ற வகையில்தான் எகிப்தியர் தனித்து நிற்கிறார்கள்.

முதலில் இருந்தது உண்மையான சாப்பாடுதான். மன்னராட்சி தோன்றுவதற்கு முந்தைய காலக் குழிகளில், முடங்கிக் கிடக்கும் உடலைச் சுற்றிப் பானைகள் இருக்கின்றன; உணவுக்கும் பீருக்குமான பானைகள். இறந்தவரின் ‘கா’ பசியோடு இருக்கும் என்பது நம்பிக்கை. கா என்பது ஒருவர் பிறக்கும்போதே கூடப் பிறக்கும் உயிர்ச்சக்தி. உடல் ஓய்ந்த பிறகும் அது இருக்கும், அதற்கு ஊட்டம் வேண்டும். உணவைக் குறிக்கும் எகிப்தியச் சொற்களில் ஒன்றான ‘காவ்’ இதே வேரில் வருவது. விருந்தில் ஒருவர் கையில் கிண்ணத்தைக் கொடுக்கும்போதும் “உன் காவுக்கு” என்றுதான் சொன்னார்கள். உயிரோடிருப்பவரின் விருந்துக்கும் இறந்தவரின் படையலுக்கும் ஒரே வாக்கியம்.

குழிக்குள் ஒருமுறை வைத்த உணவு எத்தனை நாள் தாங்கும்? அதனால் கல்லறைக்கு மேலே, ஆட்கள் வந்துபோகும் இடத்தில், படைக்கும் இடம் உருவாயிற்று. மஸ்தபா என்னும், தட்டையான கூரை கொண்ட பணக்காரர்களின் கல்லறைகளில் மேற்குச் சுவரில் ஒரு கல் வாசல் செதுக்கியிருப்பார்கள். நிலையும் உண்டு, மேலே சுருட்டிய பாயும் உண்டு. ஆனால் திறக்காது. இதைப் பொய் வாசல் என்கிறார்கள். உயிருள்ளவர் இந்தப் பக்கம் நிற்க, இறந்தவரின் கா அந்தப் பக்கத்திலிருந்து வந்து எடுத்துக்கொள்ளும். வாசலின் காலடியில் படையல் கல். சக்காராவில் மெரெருகாவின் கல்லறையில் இதைக் கண்ணால் காணும்படியே செய்துவைத்திருக்கிறார்கள். மாடத்திலிருந்து அவருடைய சிலை, ஒரு காலை முன்னே வைத்து, படியிறங்கிச் சாப்பிட வருவதுபோல் நிற்கிறது.

கிசாவில் கிடைத்த, கூஃபு மன்னர் காலத்தைச் சேர்ந்த நெஃபர்தியாபெத் என்ற அரச குலப் பெண்ணின் கல்வெட்டுப் பலகை இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முந்தையது; வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறுத்தைத் தோல் உடுத்தி, காளைக் கால் வைத்த முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையை மேசைப் பக்கம் நீட்டியிருக்கிறார். ஒற்றைக் கால் மேசையின்மேல் ரொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. கூம்புபோன்ற களிமண் அச்சில் சுட்ட உயரமான ரொட்டியை நெடுக்காக இரண்டாக அரிந்து நிறுத்தியது அது. அதே மாதிரி அச்சுகள் கிசா பிரமிடுகளின் அருகே தோண்டியெடுத்த பணியாளர் குடியிருப்பின் ரொட்டிச் சூளைகளிலும் கிடைத்திருக்கின்றன. பிரமிடு கட்டியவன் தின்றதும் இந்த ரொட்டிதான். (பின்வந்த சிற்பிகளுக்கு இந்த அரை ரொட்டிகள் என்னவென்று மறந்துபோயிற்று. நாணல் இலைகள்போல் வரையத் தொடங்கினார்கள். வழக்கம் மாறவில்லை, காரணம் மட்டும் மறந்துவிட்டது.)

மேசையைச் சுற்றி எழுத்துகள்: தூபம், எண்ணெய், அத்திப்பழம், மது என்று. வலப்பக்கம் துணி வகைகளின் பட்டியல், தரம் வாரியாக. மேசைக்குக் கீழே ரொட்டி, பீர்க் குவளை, மாட்டுத்தலை, பறவைத்தலை ஆகிய குறிகளின் பக்கத்தில் தாமரைச் செடி வரைந்திருக்கிறது. அது அழகுக்காக அல்ல. தாமரைச் செடி எகிப்திய எழுத்தில் ஆயிரம் என்ற எண். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் மாடு. எந்த மகனாலும் கல்லறைக்குத் தூக்கிவர முடியாத அளவு. எழுதுகிறவருக்கோ ஒரு தாமரை வரைந்தால் போதும்.

எழுதினால் அது உண்டு என்பது இங்கே அடிப்படை. பிரமிடுகளின் உள்ளறைகளில் மனித, விலங்கு உருவம் கொண்ட எழுத்துகளைச் சில சமயம் வேண்டுமென்றே பாதியாக வெட்டியோ உறுப்பு குறைத்தோ வைத்திருக்கிறார்கள். முழுதாக எழுதினால் எழுந்து நடமாடிவிடும் என்ற பயம். சிங்க எழுத்து கடிக்குமென்றால், ரொட்டி எழுத்து பசியாற்றவும் வேண்டும் அல்லவா? கல்லில் செதுக்கிய வாத்துக்கு அதிகாரம் வந்தது இப்படித்தான்.

ஐந்தாம் வம்சத்தின் முடிவுக்குள் இந்தப் பட்டியல் 90-க்கும் மேற்பட்ட பொருள்களாக வளர்ந்து ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பொருள், அடியில் எத்தனை என்ற எண். சில கல்லறைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே கிண்ணம் ஏந்தி முழங்காலிட்ட ஒரு சின்ன மனிதனும் உண்டு. வரிசை, விருந்தாளி வந்தால் நடக்கும் வரிசைதான். முதலில் தண்ணீர், பிறகு தூபம், ஏழு வகை எண்ணெய், கண்ணுக்குப் பச்சை மையும் கருப்பு மையும், துணி. அதன் பிறகே சாப்பாடு. ரொட்டியில் பல வகை, இறைச்சியில் துண்டு துண்டாகப் பெயர், திராட்சை மதுவில் மட்டும் ஐந்து வகை.

இந்தச் சடங்கின் வார்த்தைகளை முதன்முதலாகச் சுவரில் எழுதிவைத்தது சக்காராவில் உனாஸ் மன்னரின் பிரமிடில், ஏறத்தாழ கி.மு. 2350. ஒவ்வொரு பொருளையும் கொடுக்கும்போது “ஒசிரிஸ் உனாஸே, ஹோரஸின் கண்ணை எடுத்துக்கொள்” என்ற பாணியில் பூசாரி சொல்ல வேண்டும். ஒசிரிஸ் இறந்தோரின் தெய்வம், ஹோரஸ் அவருடைய மகன்; இறந்த மன்னரை ஒசிரிஸாகவே கருதினார்கள். பொருளின் பெயரோடு ஒலி ஒத்துவரும் சொல்லைப் பார்த்துக் கோத்திருக்கிறார்கள். வெங்காயம் கொடுக்கும் இடத்தில், வாயை நிறைக்கும் ஹோரஸின் வெண்பற்களை எடுத்துக்கொள் என்று வரும். ‘ஹெஜ்’ என்றால் வெண்மை. வெங்காயத்தின் பெயரும் அதே ஒலியில் இருக்கிறது. தாளோடு கூடிய வெள்ளை வெங்காயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ‘வெண்பல்’ என்று சொன்ன அந்தப் பூசாரிக்கு, சொல்லும் பொருளும் ஒன்றாகிப்போகும் அந்த நொடி எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

தண்ணீருக்கான மந்திரம் இன்னும் நெருக்கமானது. இந்தக் குளிர்ந்த நீர் உனக்கு, உன் மகனிடமிருந்து வந்தது, இதனால் உன் நெஞ்சு குளிரட்டும் என்பது அதன் சாரம். எகிப்திய மொழியில் குளிர்ச்சிக்கும் நீர் வார்ப்பதற்கும் ‘கெபெஹ்’ என்ற ஒரே வேர்ச்சொல்தான். பாலைவன விளிம்பில், சுட்டெரிக்கும் மணலில் இருக்கும் கல்லறை அது. கொன்று கிடத்தப்பட்ட ஒசிரிஸின் உடலிலிருந்து வடிந்த ஈரமே அந்த நீர் என்றும் சொன்னார்கள். நைல் வெள்ளமும் அதே ஈரம்தான். இறந்தவர் உலர்ந்துவிட்டார், உடலைப் பதப்படுத்தியவர்களே நாட்ரான் உப்பில் புதைத்து உலர வைத்திருக்கிறார்கள். படையல் கல்லின்மேல் ஊற்றும் ஒரு செம்பு நீர், எடுத்துவிட்ட அந்த ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. கல்லில் வாய்க்காலும் தொட்டியும் மூக்கும் ஏன் என்பதற்கு இதுவே விடை. ரொட்டியைச் செதுக்கிவிடலாம், மாட்டை எழுதிவிடலாம். தண்ணீரைக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும்.

கொண்டுவர ஆள்? அதற்காகத்தான் கா-ஊழியர் என்ற பணி. நிலமும் கால்நடையும் எழுதிவைத்து, அந்த வருமானத்தில் வாழ்ந்துகொண்டு என் கல்லறைக்குப் படையல் போடு என்ற ஏற்பாடு. அசியூத் நகரத்து ஆளுநர் ஜெஃபாய்ஹாபி, முதலாம் செனுஸ்ரெத் மன்னர் காலத்தவர், இதற்காகச் செய்த பத்து ஒப்பந்தங்களைக் கல்லறைச் சுவரிலேயே செதுக்கி வைத்தார். படிக்கும்போது ஒரு வழக்கறிஞரின் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. ஊர்த் தெய்வமான வெப்வாவெத்தின் கோயில் பூசாரிகள் ஒவ்வொருவரும் அவருடைய சிலைக்கு ஒரு வெள்ளை ரொட்டி தர வேண்டும். விளக்குத் திரி யார் தருவது, புத்தாண்டுச் சமயத்தில் விளக்கேற்றி யார் பின்னால் யார் போவது, எல்லாம் உண்டு. பதிலுக்கு அவர் தருவது, கோயில் வருமானத்தில் தன் பங்கிலிருந்து இத்தனை ‘கோயில் நாள்’. ஒரு கோயில் நாள் என்பது ஆண்டின் 360-இல் ஒரு பங்கு என்று விளக்கமும் சேர்த்திருக்கிறார், பின்னால் யாரும் தகராறு செய்யக் கூடாது என்று. இது என் தகப்பன் வீட்டுச் சொத்து, ஆளுநர் பதவியின் சொத்து அல்ல, ஆகவே அடுத்து வரும் ஆளுநர் கைவைக்க முடியாது என்கிறார். கா-ஊழியரிடம், இந்த நிலத்தை உன் பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு போட்டுவிடாதே, உனக்குப் பிடித்த ஒரே மகனுக்குக் கொடு என்கிறார். பாகப்பிரிவினையில் நிலம் துண்டு துண்டாகிப் படையல் நின்றுபோன குடும்பங்களை அவர் பார்த்திருக்க வேண்டும். பதவியில் இருந்த இவ்வளவு பெரிய மனிதர், தான் போன பிறகு ஒரு ரொட்டிக்காக இத்தனை முடிச்சுப் போடுகிறார்.

இதில் உண்மையான உணவு வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோயிலில் தெய்வத்தின் முன் வைத்தது அங்கிருந்து சிலைகளுக்கும் கல்லறைகளுக்கும் போய், கடைசியில் பூசாரிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் கூலியாயிற்று. இறந்தவர் எடுத்துக்கொள்வது உணவின் சாரம். மீதியை உயிருள்ளவர் உண்பார். பன்னிரண்டாம் வம்சத்தின் தொடக்கத்தில், இப்பி என்ற முதலமைச்சரின் கா-ஊழியராக இருந்த ஹெகாநக்த் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் தீப்ஸில் கிடைத்தன. வீட்டில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தானியம் என்று பெயர் பெயராக அளந்து எழுதுகிறார். நாட்டில் பஞ்சம், கொடுப்பதைக் கொண்டு திருப்தியாக இருங்கள் என்கிறார். ஒருவருக்குப் படையல் போடுவதையே வேலையாகக் கொண்ட வீட்டில் அடுப்படி நிலைமை அது.

ஒப்பந்தமும் ஒருநாள் காலாவதியாகும். அதையும் யோசித்தார்கள். அதற்குத்தான் குரல். “மன்னர் அளிக்கும் படையல்” என்று தொடங்கும் ஒரு வாய்பாடு ஏறத்தாழ எல்லாப் படையல் கற்களின் விளிம்பிலும் ஓடுகிறது. மன்னர் ஒசிரிஸுக்கு அளிக்க, ஒசிரிஸ் இன்னாரின் காவுக்கு ரொட்டி, பீர், மாடு, பறவை, அலபாஸ்டர், துணி, தெய்வம் உண்டு வாழும் நல்லதும் தூயதுமான எல்லாம் அளிப்பாராக என்று போகும். இந்தப் படையலின் பெயர் ‘பெரெத்-கெரு’. சொல்லுக்குச் சொல் எடுத்தால், குரல் வெளிவருதல். குரல் வெளிவந்தால் ரொட்டியும் வெளிவரும்.

யாருடைய குரல்? மகன் வேண்டாம், கா-ஊழியர் வேண்டாம், வழிப்போக்கர் போதும். மண்ணில் வாழ்வோரே, இந்தக் கல்லறையைக் கடந்து போவோரே, வாழ்வை நேசித்துச் சாவை வெறுப்போரே, ஆயிரம் ரொட்டி ஆயிரம் பீர் என்று சொல்லுங்கள் என்று கல்லறைகள் கூப்பிடுகின்றன. சிலவற்றில் ஒரு வரி கூடுதலாக உண்டு: இது வாயின் மூச்சு மட்டும்தான், இறந்தவருக்குப் பயன்படும், உங்களுக்குக் களைப்பு தராது. எகிப்து விட்டுச்சென்ற எழுத்துகளில் என்னை அதிகம் அசைப்பது இந்த வரிதான். காசு கேட்கவில்லை, ரொட்டி கேட்கவில்லை. போகிற போக்கில் ஒரு மூச்சு கொடு என்கிறது. படிக்கத் தெரிந்தவன் படித்த கணமே கொடுத்தும் விடுகிறான்.

இதெல்லாம் கல் வெட்ட வசதி இருந்தவர்களின் கதை. மற்றவர்கள் களிமண்ணை எடுத்தார்கள். 1906-07 குளிர்காலத்தில் மத்திய எகிப்தின் ரிஃபேயில் தோண்டிய தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, மண்டபம் எதுவும் இல்லாத எளிய குழிகளுக்கு மேல், தரையிலேயே வைத்திருந்த சுட்ட மண் தட்டுகளைப் பெருந்தொகையில் கண்டெடுத்தார். தட்டின்மேல் விரலால் பிடித்துவைத்த ரொட்டிகள், மாட்டுத்தலை, கால் கட்டிய மாடு, காய்கறிகள். ஒரு தொட்டி, தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். பல தட்டுகளில் பின்பக்கம் தூண் வைத்த திண்ணையும், மாடிப்படி ஏறும் வீடும்கூட உண்டு. ‘ஆன்ம வீடுகள்’ என்று பெயர் வைத்தார் பெட்ரி. எழுத்து இல்லை, மன்னர் இல்லை, தாமரை ஆயிரம் இல்லை. ஆனால் முற்றம் இருக்கிறது, முற்றத்தில் தண்ணீர் இருக்கிறது. சிலவற்றில் குயவரின் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கிறது. அரசவைச் சிற்பியின் அலபாஸ்டரைவிட இந்த மண் தட்டுகளைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். அங்கே மந்திரம் பேசுகிறது. இங்கே, சாப்பிட ஏதாவது இருக்க வேண்டும், ஒதுங்க ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை மட்டும் பேசுகிறது.

அக்கெனாதென் மன்னரின் தலைநகரான அமர்னாவில் கல்லறையிலிருந்து கோயிலுக்குத் தாவி, படையல் மேசைகள் எண்ணிக்கையில் பெருகின. சூரிய வட்டமாக வணங்கப்பட்ட அதென் தெய்வத்தின் பெருங்கோயிலிலும் அதன் பக்கத்துத் திடலிலும் நூற்றுக்கணக்கான மேசைகள், திறந்த வெயிலில், வரிசை வரிசையாக. அதே நகரத்து எளியவர்களின் தெற்கு இடுகாட்டைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகள், வளர்ச்சி குன்றிய உடல்களையும், சிறுவயது ஊட்டக்குறைவையும், பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகளையும் காட்டுகின்றன. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிற்காலத்தில் தண்ணீர் மட்டும் மிஞ்சியது. எகிப்தை ஆண்ட கிரேக்க வழித் தாலமி மன்னர்கள் காலத் தீப்ஸில் ‘நீர் ஊற்றுவோர்’ என்றே ஒரு தொழில் இருந்தது. எந்தெந்தக் கல்லறைக்கு யார் ஊற்றுவது என்ற உரிமை, சொத்துபோல் விற்கப்பட்டது, அடகு வைக்கப்பட்டது, மகளுக்கும் மகனுக்கும் பங்காயிற்று. கி.மு. 117-இல் ஹெர்மியாஸ் என்ற படை அதிகாரி ஒரு வீட்டுக்காக இவர்கள்மேல் போட்ட வழக்கின் பதிவு பாப்பிரஸில் இருக்கிறது. நீர் ஊற்றுவோரே வென்றார்கள். தெற்கே ஃபிலே தீவின் எதிரில், ஒசிரிஸின் கல்லறையைச் சுற்றி 360 கிண்ணங்கள் இருந்தன, பூசாரிகள் நாள்தோறும் அவற்றில் பால் நிரப்பினார்கள் என்று எழுதியிருக்கிறார் கிரேக்க எழுத்தாளர் டியோடோரஸ்.

எகிப்தியர்களுக்கே இந்த ஏற்பாடுகள்மேல் சந்தேகம் இல்லாமல் இல்லை. ராம்செஸ் மன்னர்கள் காலத்துப் பாப்பிரஸ் ஒன்று, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பது, பழைய புலவர்களைப் பற்றிப் பேசும்போது மறைக்காமல் சொல்கிறது: அவர்களுடைய மண்டபங்கள் இடிந்தன, கா-ஊழியர்கள் போய்விட்டார்கள், நினைவுக்கற்கள் மண்மூடிக் கிடக்கின்றன. எழுதியதை யாராவது வாசிப்பதால்தான் பெயர் நிற்கிறது என்று முடிக்கிறது. உண்மையிலேயே பல படையல் கற்கள் வாசற்படியாகவும் சுவர்க் கல்லாகவும் பிறர் கட்டடங்களுக்குள் போய்விட்டன.

வழக்கம் நைல் வழியே தெற்கே, இன்றைய சூடானில் இருந்த மெரோவே அரசுக்குப் போய் அங்கே இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. அங்குள்ள கற்களின் நடுவில் நரித்தலைத் தெய்வமான அனுபிஸும் ஒரு தேவியும் எதிரெதிரே நின்று நீர் வார்க்கிறார்கள். கீழே ரொட்டிகள். விளிம்பில் ஓடும் எழுத்து மெரோவே மக்களின் சொந்த எழுத்து. கரனோக் இடுகாட்டில் தோண்டியெடுத்த இப்படிப்பட்ட கற்களை வைத்துத்தான், எகிப்தியல் அறிஞர் ஃபிரான்சிஸ் லுவெலின் கிரிஃபித் 1911 வாக்கில் அந்த எழுத்துகளின் ஒலியைக் கண்டுபிடித்தார். ஒலிக்க முடிந்தது. பொருள்தான் பெரும்பாலும் பிடிபடவில்லை. இன்றுவரை மெரோவே மொழியின் மன்னர் கல்வெட்டுகளை முழுதாகப் படிக்க முடியாது, போர் பற்றிச் சொல்கிறார்களா கொடை பற்றியா என்பதே பல இடங்களில் புதிர்.

ஆனால் படையல் கற்களில் ஒரே வரி நூறு நூறு முறை திரும்ப வருவதால், அது புரிந்துவிட்டது. ஒசிரிஸையும் அவர் மனைவி ஐசிஸையும் கூப்பிட்டு, இறந்தவரின் பெயர் சொல்லி, பெற்றோர் பெயர் சொல்லி, பிறகு வருவது அந்த வரி. ‘அதோ’ என்றால் தண்ணீர், ‘அத்’ என்றால் ரொட்டி, ‘ம்ஹெ’ என்றால் நிறைய. நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், நிறைய ரொட்டி உண்ணட்டும்.